கடற்கரைப் பூனைகளுக்குக் கருத்தடை: பொறி செய்வது முதல் குட்டிக்கு வீடு பார்ப்பது வரை

கன்னியாகுமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் தொடங்கி தூத்தூர், வள்ளவிளை, நீரோடி என்று போய், கேரள எல்லையைத் தாண்டிப் பொழியூர் வரைக்கும் ஒரே கடற்கரைதான். ஏலக்கூடம், வலை பின்னும் கூடம், கருவாடு காயும் களம், கடலரிப்புக்குக் கொட்டிய பாறைகளின் இடுக்கு என்று மீன் வாடை உள்ள இடமெல்லாம் பூனைக் கூட்டம் உண்டு. அவற்றைப் பிடித்து, அறுவை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுவதும், பழக்க முடிகிற குட்டிகளுக்கு வீடு பார்ப்பதும் எங்கள் குழுவின் வேலை. புதிதாக இறங்குகிறவர்களுக்காகக் கைக்குத் தேவையான அளவுகளோடு இதை எழுதுகிறோம்.

ஒரு இடத்தில் எத்தனை பூனையைப் பிடித்தோம் என்பதைவிட, இன்னும் எத்தனை பெட்டை பாக்கி என்பதுதான் முக்கியமான கணக்கு. பூனைகளைச் சூட்டுக்குக் கொண்டுவருவது பகல் வெளிச்சத்தின் நீளம். குளிர் நாடுகளில் பகல் சுருங்கும் மாதங்களில் பெட்டைகள் அடங்கிவிடும். அங்கே இந்த வேலை செய்கிறவர்களுக்கு அது மூச்சு வாங்கும் காலம். நம் பக்கத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் சுமார் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். அதனால் வருடம் முழுக்கக் குட்டிதான். பெட்டைக் குட்டி நாலைந்து மாதத்திலேயே சினையாகிவிடும். சினைக்காலம் 63 முதல் 65 நாள். குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தாய் மறுபடி சினையாகலாம். ஓர் ஏலக்கூடத்தில் பாதிப் பெட்டைகளை மட்டும் முடித்துவிட்டு அரை வருடம் கழித்துத் திரும்பிப் போனால், விட்டுவைத்தவை போட்ட குட்டிகளே சினையாக நிற்கும். எனவே ஊர் முழுக்கத் தூவினாற்போலப் பிடிக்காமல், ஒரே கூட்டத்தை எடுத்து அதிலுள்ள கடைசிப் பெட்டை வரை முடித்துவிட்டு அடுத்த கூட்டத்துக்குப் போவதுதான் பலன் தரும்.

கணக்கெடுப்பு

பொறியைத் தூக்குவதற்கு முன் பூனைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே ஆள் தீனி வைத்தால் ஒரு வாரம், பத்து நாளில் கூட்டம் முழுக்க அந்த நேரத்துக்கு வந்துவிடும். ஏலக்கூடங்களில் காலை ஏலம் முடிந்து கழுவி விட்ட பிறகு கூட்டம் கலைந்துவிடும். மாலை அஞ்சு மணி வாக்கில் தீனி வைத்தால் எண்ண வசதி. ஒவ்வொரு பூனைக்கும் இரண்டு பக்கமும் படம் எடுத்து, கைபேசியில் கூட்டத்தின் பெயரில் ஒரு தொகுப்பாக வைக்கவும். வால் முனை, மூக்கின் மேல் புள்ளி, காலின் வெள்ளை அளவு ஆகியவற்றைக் குறித்தால் ஒரே மாதிரி இருக்கும் சாம்பல் வரிப் பூனைகளைக்கூடப் பிரித்துவிடலாம்.

ஆணா பெண்ணா என்று தூரத்திலிருந்தே ஓரளவு சொல்லலாம். கறுப்பு, செம்மஞ்சள், வெள்ளை மூன்றும் கலந்திருந்தால் அநேகமாக எப்போதுமே பெட்டை. முழுச் செம்மஞ்சளில் ஐந்தில் நான்கு கடுவன். கன்னம் உப்பி, தலை அகலமாக, காதில் சண்டைத் தழும்போடு இருந்தால் அறுவை ஆகாத கடுவன். பால் கொடுக்கிற பெட்டைக்கு முலைக்காம்பைச் சுற்றி முடி உதிர்ந்து வட்டமாகத் தெரியும். இதைக் கட்டாயம் பதிவேட்டில் குறிக்க வேண்டும். பிடித்த பிறகு எடுக்க வேண்டிய முடிவு அதைப் பொறுத்தது.

கூடவே ஊர்க்காரர்களிடம் பேச வேண்டும். கைலி போட்டு மூடிய கூண்டோடு நடந்தால், "பூச்சைய எங்க கொண்டு போறிய மக்களே?" என்று கேட்காதவர் இருக்க மாட்டார்கள். ஞாயிறு பூசை முடிந்து வாசிக்கும் அறிவிப்பிலும், பள்ளிவாசலில் வெள்ளித் தொழுகைக்குப் பிறகும் ஒரு வரி சொல்லச் சொல்லி முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் பாதிச் சந்தேகம் அடங்கும். "திரும்பக் கொண்டுவந்து விடுவதற்கு எதற்குப் பிடிக்கிறீர்கள், அப்படியே தூரத்தில் விட்டுவிடுங்கள்" என்பதுதான் அதிகம் வரும் பேச்சு. பதில் அவர்கள் தொழிலிலேயே இருக்கிறது. பூனை இல்லாத கூடத்தில் எலி வலையைக் கடிக்கும். இருப்பதை அகற்றினால் மீன் கழிவுக்காகப் பக்கத்து இடத்துப் பூனைகள் வந்து குடியேறும். அவை அறுவை ஆகாதவையாக இருக்கும். கடுவனுக்கு அறுவை செய்தால் இரவுச் சண்டையும் வலைமேல் மூத்திரம் பீச்சுவதும் பெருமளவு குறையும். இந்தக் கடைசி விஷயம் வலைக்காரர்களிடம் உடனே எடுபடும்.

சாக்கில் கட்டி எல்லைக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வருவது இரண்டு மாநிலத்திலும் நடக்கிறது. பட்டினியில் வாடும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 11-ஆவது பிரிவின்படி குற்றம். தீனி கிடைக்கும் இடம், ஒளியும் இடம் எதுவும் தெரியாத புது இடத்தில் முழு வளர்ச்சியடைந்த பூனையை இறக்கினால் அது பழைய இடத்தைத் தேடிக் கிளம்பும். பெரும்பாலும் சாலையில் அடிபடும்.

பொறி

கடையில் வாங்கலாம். மார்த்தாண்டம், கருங்கல் பக்கம் கிரில் பட்டறையில் சொல்லிச் செய்தால் கடற்கரைக்குத் தக்கபடி கிடைக்கும். நாங்கள் கொடுக்கும் அளவு: நீளம் 36 அங்குலம், அகலம் 12, உயரம் 14. சட்டத்துக்கு 6 மி.மீ. கம்பி. சுற்றிலும் ஜிஐ வெல்ட்மெஷ் (துத்தநாகம் பூசிய கம்பிவலை), கண் ஒரு அங்குலத்துக்கு அரை அங்குலம். ஒரு அங்குலச் சதுரக் கண் போட்டால் பூனை மூக்கை நுழைத்து உரசிப் புண்ணாக்கிக்கொள்ளும், உள்ளே இருந்து காலையும் நீட்டிப் பிராண்டும்.

36 அங்குலம் என்பதைக் குறைக்கச் சொல்லிப் பட்டறையில் கேட்பார்கள், சம்மதிக்காதீர்கள். பின்பக்கம் கடைசி 4 அங்குலம் இரைக்கு. அதற்கு முன் 8 அங்குலம், மிதித்ததும் கதவை விழவைக்கும் மிதிபலகை. மிச்சம் 24 அங்குலம் பூனையின் உடம்புக்கு. வளர்ந்த பூனை மூக்கிலிருந்து வாலடி வரை ஒன்றரை அடி வரும். பொறி குட்டையாக இருந்தால் முன்கால் பலகையில் படும்போது இடுப்பு இன்னும் வாசலில் இருக்கும்; கதவு முதுகில் விழும், பூனை பின்வாங்கி ஓடும். அப்படி ஒருமுறை தப்பியது அந்தப் பொறிப் பக்கமே வராது.

கதவு மேலிருந்து நேராக இறங்கும் தட்டாக இருக்கக் கூடாது. உப்புக் காற்றில் அதன் பள்ளம் துருவேறிப் பாதியில் நின்றுவிடும். மேல் கீலில் தொங்கி உட்பக்கமாகச் சரிந்து விழும் கதவுதான் இங்கே நிற்கிறது. விழுந்ததும் அதன்மேல் தானாக இறங்கும் பூட்டுக் கம்பி கட்டாயம். அது இல்லாமல் நாலு கிலோ கடுவன் தலையால் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். கதவின் கீழ் விளிம்பில் பழைய சைக்கிள் டியூப்பைக் கீறிச் சுற்றவும். வால் மாட்டினாலும் நசுங்காது, சத்தமும் அமுங்கும். அந்தச் சத்தம்தான் சுற்றிக் காத்திருக்கிற மற்ற பூனைகளைக் கலைப்பது. பின்பக்கம் மேலே இழுக்கிற தட்டுக் கதவு ஒன்று வைக்கலாம். அதைக் கையால்தான் திறப்போம் என்பதால் கொஞ்சம் இறுகினாலும் பரவாயில்லை.

மிதிபலகைக்குப் பிளைவுட் வேண்டாம். மழைக்காலத்தில் உப்பிப் பக்கக் கம்பியில் முட்டும். அலுமினியத் தகடு போதும். எந்த எடைக்கு விழுகிறது என்று பார்க்க, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை நிரப்பிப் பலகையின் நடுவில் மெதுவாக நிறுத்தவும். கதவு விழ வேண்டும். விழவில்லையென்றால் ஒல்லியான பெட்டையும் வளர்குட்டியும் இரையைத் தின்றுவிட்டு நிம்மதியாக வெளியே வந்துவிடும்.

இதோடு சேர்த்து ஒரு "சீப்பு" செய்து வாங்குங்கள். 6 மி.மீ. கம்பி ஐந்தை இரண்டு அங்குல இடைவெளியில் ஒரு கைப்பிடியில் பற்றவைத்தது. மேற்பக்க மெஷ் வழியாக உள்ளே இறக்கினால் பொறியைக் குறுக்கே தடுத்து, பூனையை ஒரு மூலையில் ஒடுக்கலாம். கம்பிகள் நுழைய, மேற்பக்க மெஷ்ஷில் இரண்டு மூன்று வரிசையில் கண்ணைக் கொஞ்சம் அகலப்படுத்தச் சொல்ல வேண்டும். சீப்பு இருந்தால் மருத்துவர் வெளியிலிருந்தே தொடையில் மயக்க ஊசி போட்டுவிடுவார். கையால் பிடித்து வெளியே எடுக்கும் பேச்சே இருக்காது. கடிபடுவது பெரும்பாலும் அந்த ஒரு நிமிடத்தில்தான்.

ஒவ்வொரு பொறியிலும் எண்ணையும் காலி எடையையும் பெயிண்டில் எழுதி வைக்கவும். மீன்காரர்கள் வைத்திருக்கும் கொக்கித் தராசில் பொறியோடு தூக்கி, காலி எடையைக் கழித்தால் பூனையின் எடை கிடைத்துவிடும். மயக்க மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. கண் மதிப்பு ஆகாது. ஒவ்வொரு முறையும் வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து, கீலிலும் பூட்டுக் கம்பியிலும் தேங்காய் எண்ணெய் தடவவும். கிரீஸும் மெஷின் ஆயிலும் வேண்டாம். பூனை உடம்பில் பட்டால் நக்கும்.

மூடுவதற்குப் பழைய கைலியைவிட நல்லது எதுவும் இல்லை. ஏற்கெனவே வளையமாகத் தைத்திருப்பதால் தலையணைக்கு உறை போடுவதுபோலப் பொறிமேல் ஒரே இழுப்பில் ஏறிவிடும், நடக்கும்போது நழுவாது.

இரையும் காலமும்

மீன் இறங்கும் இடத்தில் மீன் இரையாகாது. சாளையும் நெத்தோலியும் காலடியில் கிடக்கும்போது பொறிக்குள் இருக்கும் சாளைக்காக எந்தப் பூனையும் குனிந்து நுழையாது. பொரித்த கோழி, வதக்கிய கோழி ஈரல் ஆகியவைதான் இங்கே வேலை செய்கின்றன. சூடாக இருந்தால் வாடை தூரம் போகும். ஊருக்குள், ரப்பர் தோட்டத்து வீடுகள் பக்கம் போனால் கதை தலைகீழ். அங்கே அயலைத் தலை, கருவாட்டுத் துண்டு போதும்.

இரையைக் கிண்ணத்தில் வைக்கக் கூடாது. மாட்டிய பூனை துள்ளும்போது கிண்ணம் இடிக்கும். வாழையிலைத் துண்டில் வைக்கவும். வாசலில் விரலளவு, நடுவில் ஒரு துணுக்கு, பாக்கி எல்லாம் பலகைக்கு அப்பால். அதிகம் வைத்தால் வாசலிலேயே வயிறு நிறைந்துவிடும். முந்தைய நாள் தீனியை நிறுத்திவிட வேண்டும். தண்ணீரை ஒருபோதும் நிறுத்தக் கூடாது. அந்தத் தெருவில் தீனி வைக்கும் மற்றவர்களிடமும் சொல்லி வைக்க வேண்டும். ஒரு அக்கா பாவம் பார்த்து ஒரு தட்டு சோறு வைத்துவிட்டால் அன்றைய வேலை போயிற்று.

நம் மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவில் தொடங்கி ஜூலை 31 வரை 52 நாள். கழிவு குறைந்து பூனைகள் பசியோடு இருக்கும் காலம் இது. பொறியில் ஏறுவது எளிது. ஆனால் தென்மேற்குப் பருவமழையும் அப்போதுதான். நனைந்த தையல் பிரியும், ஈர மண்ணில் புண் சீழ் பிடிக்கும். எனவே தடைக்காலத்தில் பிடிப்பதானால், அறுவைக்குப் பின் இரண்டு மூன்று நாள் உலர்ந்த அறையில் வைக்க இடம் உறுதியான பிறகே பிடிக்க வேண்டும். அந்த வசதி இல்லாதவர்கள் வடகிழக்கு மழை ஓய்ந்து டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை செய்யட்டும். இரைக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான்.

பிடிக்கும் மாலை

முதலில் மருத்துவரிடம் தேதி, பிறகுதான் பொறி. மறுநாள் அவர் எத்தனை செய்ய முடியும் என்கிறாரோ அதற்கு மேல் ஒன்றுகூடப் பிடிக்கக் கூடாது. மாலை அஞ்சு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடித்தால் மறுநாள் காலை அறுவைக்குத் தேவையான வெறும் வயிறு தானாக அமைந்துவிடும். நாலு மாதத்துக்குக் குறைந்த குட்டிகளை மட்டும் இரவு முழுக்கப் பட்டினி போடக் கூடாது. சர்க்கரை இறங்கி மயக்கத்திலிருந்து எழாமல் போகும். அவற்றுக்கு விடிகாலையில் கொஞ்சம் தீனி கொடுத்து, எத்தனை மணிக்குக் கொடுத்தோம் என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மணலில் பொறியை நேரடியாக வைக்க வேண்டாம். நாலு கம்பியும் மணலில் புதைந்து, பலகைக்கு அடியில் மணல் ஏறிவிடும். பலகை இறங்க இடமில்லாததால் கதவு விழாது, இரை மட்டும் காலியாகும். கீழே ஒரு பலகைத் துண்டு போட்டு, ஆடாமல் இருக்கிறதா என்று நாலு மூலையையும் அமுக்கிப் பார்க்கவும். பூனைகள் நடக்கும் சுவரோரமாக, சுவருக்கு இணையாக வைப்பது நல்லது. வெட்டவெளி நடுவில் வைத்தால் சுற்றிச் சுற்றி வரும், நுழையாது.

வைத்துவிட்டுப் போய்விடக் கூடாது. முப்பது அடி தள்ளி, பேசாமல், பார்வையில் வைத்திருக்க வேண்டும். நாய் வந்து பொறியை உருட்டலாம், கீரியோ மரநாயோ மாட்டலாம். அவை 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. கதவைத் தூக்கி அப்போதே விட்டுவிட வேண்டும். பூனை மாட்டியதும் முதல் வேலை கைலி. இருட்டு விழுந்ததும் பெரும்பாலான பூனைகள் அரை நிமிடத்தில் துள்ளலை நிறுத்திவிடும். காதின் முனை ஏற்கெனவே வெட்டியிருந்தால் அறுவை ஆனது. மற்றவை பார்க்காத தூரத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடலாம்.

பொறிக்குப் பழகாத கிழட்டுப் பெட்டைதான் கடைசி வரை பாக்கி நிற்கும். அதற்கு இரண்டு வழி. ஒன்று, பொறியின் கதவைக் கயிற்றால் கட்டித் திறந்தே வைத்து, ஒரு வாரம் அதற்குள்ளேயே தீனி போடுவது. முதல் நாள் வாசலில், பிறகு நாளுக்கு ஒரு சாண் உள்ளே. இன்னொன்று கவிழ்ப்புப் பொறி: மூன்றடிக்கு மூன்றடிச் சதுரச் சட்டம், ஓரடி உயரம், மேலும் பக்கமும் மீன் வலை. ஒரு பக்கத்தை ஒன்றரைச் சாண் குச்சியில் முட்டுக் கொடுத்து, குச்சியில் கட்டிய கயிற்றைத் தூரத்திலிருந்து இழுப்பது. வேண்டிய பூனை மட்டும் உள்ளே இருக்கும்போது இழுக்கலாம் என்பதே இதன் பெரிய லாபம். தாயையும் குட்டிகளையும் ஒன்றாகவும் பிடிக்கலாம். வலைக் கண் விரல் நுழையாத அளவு சிறிதாக இருக்க வேண்டும், பெரிய கண்ணில் கழுத்து மாட்டும். சட்டம் லேசாக இருந்தால் பூனை நெம்பிவிடும். விழுந்ததும் ஓடிப்போய் ஒருவர் மேலே அமுக்கிக்கொள்ள, இன்னொருவர் தார்ப்பாய் போட வேண்டும். பிறகு பக்கத்தில் உள்ள சிறு கதவோடு, கைலி மூடிய பொறியை ஒட்டிவைத்துத் தார்ப்பாயை விலக்கினால், பூனை வெளிச்சத்திலிருந்து விலகி இருட்டான பொறிக்குள் தானாகப் போகும்.

பாறை இடுக்குகளில் ஒளிந்திருப்பவைதான் கடினம். தூண்டில் வளைவுக் (அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிய கல்வரிசை) கற்கள்மேல் எந்தப் பொறியும் சமமாக நிற்காது. இரண்டு கல்லுக்குக் குறுக்கே பலகை போட்டுக் கயிற்றால் கட்டி வைக்கலாம். அலை ஏறும் நேரம் எப்போது என்று ஊர் மீனவர்களிடம் கேட்காமல் அங்கே இறங்கவே கூடாது. குட்டிச் சத்தம் கேட்டால் கையை இடுக்கில் விட வேண்டாம், பாம்பும் உண்டு. தாயைப் பிடித்துப் பொறியோடு இடுக்கின் அருகில் வைத்து, கைலியை ஒரு பக்கம் மட்டும் விலக்கினால், அவள் குரலுக்குக் குட்டிகள் வெளியே வரும்.

மேசைமேல்

அறுவை மருத்துவரின் வேலை. ஆனால் தெருப்பூனைக்கும் வீட்டுப் பூனைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லி வைப்பது நம் பொறுப்பு. தெருப்பூனையைத் தையல் பிரிக்கத் திரும்பக் கொண்டுவர முடியாது. உள்ளேயே கரையும் நூலால், தோலுக்கு அடியில் மறைத்துத் தைக்கச் சொல்ல வேண்டும். மாத்திரை கொடுக்க முடியாததால் பல நாள் நிற்கும் ஆண்டிபயாட்டிக் ஊசியும், வலிக்கு ஓர் ஊசியும் மேசைமேலேயே போட்டுவிட வேண்டும். பால் கொடுக்கும் பெட்டைக்கு வயிற்று நடுவில் வெட்டாமல் விலாப்பக்கம் வெட்டுவது நல்லது. வீங்கிய மடியைத் தொடாமல் முடியும், விட்ட பிறகும் புண்ணைத் தூரத்திலிருந்து பார்க்கலாம். கடுவனுக்குத் தையலே தேவைப்படாது. குட்டிகள் ஒரு கிலோ எடை வந்தால் செய்யலாம் என்பது பொதுவான அளவு.

மயக்கத்தில் இருக்கும்போதே செய்ய வேண்டியவை: வெறிநாய்க்கடித் தடுப்பூசி, உண்ணி மருந்து, குடற்புழு மருந்து, கண் களிம்பு. கெட்டமின் மயக்கத்தில் பூனையின் கண் மூடாது; களிம்பு போடாவிட்டால் காய்ந்து புண்ணாகும். கடைசியாக இடது காதின் முனையில் சுமார் ஒரு சென்டிமீட்டர் நேர்கோடாக வெட்டி விடுவது. இதைப் பார்த்துச் சிலர் பதறுவார்கள். சண்டையில் கிழிந்த காதும் ஓட்டை விழுந்த காதும் கடற்கரையில் ஏராளம் என்பதால், தூரத்திலிருந்து தெளிவாகத் தெரிவது நேர்வெட்டு ஒன்றுதான். அது இல்லாவிட்டால் அதே பெட்டையை மறுபடி பிடித்து, மறுபடி மயக்கி, வயிற்றைத் திறந்து பார்க்க நேரும்.

அறுவைக்குப் பின்

மயக்கத்தில் உடல் சூடு இறங்குவதுதான் முதல் ஆபத்து. நம் ஊர் வெக்கையிலும் நடக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி முதுகுப் பக்கம் வைக்கவும். வெறும் பாட்டில் தோலைச் சுடும். தலையைத் தானாக நிமிர்த்தி நிறுத்தாத வரை தண்ணீரோ தீனியோ வாயருகே போகக் கூடாது. ஈறு வெளிறுவது, வயிறு உப்புவது, மணிக்கணக்கில் எழாமல் கிடப்பது ஆகிய மூன்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்.

கூண்டுத் தரையில் கடல்மணல் போடாதீர்கள், புண்ணில் ஒட்டும். செய்தித்தாள் போதும். எறும்பு இங்கே பெரிய எதிரி. மீன் வாடைக்கும் இரத்த வாடைக்கும் ஒரு மணி நேரத்தில் சாரை பிடித்து வரும். மயக்கத்தில் கிடக்கும் பூனையால் உதறக்கூட முடியாது. கூண்டை நாலு கல்மேல் ஏற்றி, ஒவ்வொரு கல்லையும் தண்ணீர் ஊற்றிய தட்டில் நிறுத்தவும். கூண்டுக்குக் கால் இருந்தால் சிரட்டையே போதும். எறும்புச் சாக்பீஸ் கோடு போடக் கூடாது. அதிலுள்ள மருந்து பூனைக்கு நஞ்சு. நாய்க்குப் போடும் பெர்மெத்ரின் உண்ணி மருந்தும் அப்படியே. பினாயிலும் டெட்டாலும் கூண்டு கழுவ ஆகாது. நக்கினால் ஈரல் கெடும். சோப்பால் தேய்த்துக் கழுவிய பிறகு, ஒரு பங்கு ஐந்து சதவீத பிளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, அலசி வெயிலில் காயவைக்கவும். மூத்திரம் கழுவாத கூண்டில் பிளீச் ஊற்றினால் மூச்சை அடைக்கும் வாயு வரும். பூனைகளின் பார்வோ நோய்க்கிருமி கூண்டிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால்தான் இவ்வளவு கறார். வலிக்கிறதே என்று பாரசிட்டமால் கொடுப்பவர்கள் உண்டு. ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது.

கடுவனை மறுநாள் விடலாம். பெட்டை இரண்டு நாள் இருக்கட்டும், மழையானால் மூன்று. பால் கொடுப்பதாகத் தெரிந்து, குட்டிகள் கிடைக்கவில்லையென்றால், நன்றாகத் தெளிந்ததும் அன்றே திரும்ப விட வேண்டும். அறுவைக்குப் பிறகும் பால் வற்றாது. விடும்போது பொறியின் வாசல் சாலைக்கும் கடலுக்கும் எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும், தண்ணீரும் கொஞ்சம் தீனியும் வைத்துவிட்டு விலகவும். கடுவனுக்கு அறுவைக்குப் பின்னும் நாலைந்து வாரம் வரை பழைய குணமும் சினைப்படுத்தும் திறனும் இருக்கலாம். "அறுத்த பிறகும் பெட்டை பின்னால சுத்துது" என்று புகார் வந்தால் அதுதான் காரணம்.

கடி

பூனைப் பல் ஊசி போல இறங்கி மேலே மூடிக்கொள்ளும். சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், ஒரே நாளில் கை வீங்கிவிடும். கடிபட்டாலும் பிராண்டல் பட்டு இரத்தம் வந்தாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பக் கூடாது. அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தோல் கிழிந்த கடிக்கு வெறிநோய்த் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புரத ஊசியும் தேவை என்பதால் "கீறல்தான்" என்று குறைத்துச் சொல்லாதீர்கள். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் ஊசி. கடலுக்கும் வேலைக்குமாக எல்லை தாண்டி அலைகிறவர்கள் அந்தச் சீட்டைப் பையிலேயே வைத்திருக்க வேண்டும். இந்தப் பக்கம் தொடங்கியதை அந்தப் பக்கம் தொடர அது போதும். பொறி தூக்கும் எல்லோரும் முன்கூட்டியே மூன்று ஊசித் தடுப்பும் டெட்டனஸும் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும். கடித்த பூனையை விட்டுவிடாமல் பத்து நாள் கூண்டில் வைத்துக் கவனிக்க வேண்டும்.

குட்டிகளுக்கு வீடு

இரண்டு வாரத்திலிருந்து ஏழெட்டு வாரம் வரை குட்டி மனிதரோடு ஒட்டும். மூன்று மாதம் தாண்டிய தெருக்குட்டியைப் பழக்குவதில் செலவாகும் நேரத்தில் இன்னொரு கூட்டத்தையே முடித்துவிடலாம் என்பது எங்கள் கருத்து. அதற்கு அறுவை செய்து தாயோடு விடுவதே அதற்கும் நல்லது. பழக்குவதானால் வீட்டில் ஆள் நடமாடும் இடத்தில் சின்னக் கூண்டு, தீனி எப்போதும் கையிலிருந்தே. புதுக் குட்டியை இரண்டு வாரம் வீட்டிலுள்ள மற்றப் பூனைகளிடமிருந்து தனியே வைக்கவும். பசும்பால் வயிற்றைக் கெடுக்கும். அவித்து முள் எடுத்த மீனும் கோழியும் போதும். சாளை, நெத்தோலியைப் பச்சையாகத் தொடர்ந்து கொடுத்தால் பி1 சத்து அழிந்து தள்ளாடும். அவித்தால் அந்தக் கெடுதல் இல்லை. மீன் குழம்புச் சோறு வேண்டாம், அதிலுள்ள உள்ளியும் (வெங்காயம்) பூண்டும் பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும்.

எட்டு வாரத்தில் முக்கூட்டுத் தடுப்பூசி, மூன்று நாலு வாரம் கழித்து மறுபடி ஒன்று, பன்னிரண்டு வாரத்தில் வெறிநோய் ஊசி. முதல் ஊசி போட்ட அட்டையோடுதான் குட்டியைக் கொடுக்கிறோம். முடிந்தவரை இரண்டிரண்டாகக் கொடுப்பது. ஒன்றையொன்று பார்த்து விளையாடும், இரவில் கத்தாது. கொடுப்பதற்கு முன் வீட்டைப் போய்ப் பார்க்க வேண்டும். நம் பக்கத்து வீடுகளில் முதலில் பார்ப்பது கிணறு. கைப்பிடிச் சுவர் தாழ்வாக இருந்தால் மேலே வலை போட்ட பிறகே குட்டி. அடுத்தது எலி விஷம் வைக்கும் வழக்கம் உண்டா, ரோடு எவ்வளவு தூரம், வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா என்பவை. பிள்ளைகள் ஆசைப்பட்டு, அம்மா முகம் சுளிக்கும் வீட்டுக்குக் கொடுத்தால் ஒரு மாதத்தில் குட்டி ஏலக்கூடத்தில் நிற்கும்.

வளர்த்தபின் அறுவை செய்துகொள்வோம் என்று சொல்கிறவர்களிடம் பெட்டைக் குட்டி கொடுப்பதானால், நாலாவது மாதத்தில் ஒரு தேதியை அன்றே மருத்துவரிடம் குறித்து, அட்டையின் பின்புறம் எழுதிக் கொடுக்கவும். அந்தத் தேதிக்கு முந்தின வாரம் போன் செய்து, தேவைப்பட்டால் நாமே போய்க் கூட்டி வந்து, முடித்துத் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். பதிவேட்டில் அந்தக் குட்டி "பாக்கி" என்ற பகுதியிலேயே இருக்கட்டும். அறுவை முடிந்த பிறகு மட்டும் அந்தப் பதிவைக் கோடிட்டு அடிக்கவும்.